எலி மருந்து தின்ற நாய்: வீட்டிலும் வைத்தியரிடத்திலும் செய்யவேண்டியவை

பட்டுப் பாவுக்கு எலியைப் போன்ற சத்துரு வேறில்லை என்பது காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்துப் பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமன்று. விடியற்காலையில் தெருவில் நீள நெடுகக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுத்த பாவு, அந்தக் கஞ்சியின் மணத்தாலேயே இரவில் எலியை வரவழைத்துவிடுகிறது. ஓரிடத்தில் அது பல் வைத்தால் கொத்தாக இழைகள் அறும். அறுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிப்பதற்குள் அன்றைய கூலி போய்விடும். ஆகவே இந்தப் பேட்டையில் எலி மருந்து வைப்பதையே ஒரு குற்றமாகச் சொல்வதில் பிரயோஜனமில்லை. வைக்கிற இடந்தான் கவனிக்கத்தக்கது. நெசவாளி காலை இறக்கி மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தோண்டிய தறிக்குழி, வீட்டிலேயே குளிர்ந்த இடம். எலி பதுங்குவதும் அங்கே, இரவில் மருந்து வைப்பதும் அங்கே, நெய்கிறவர் சாப்பிட எழுந்து போன நண்பகலில் வளர்ப்பு நாய் இறங்கிச் சுருண்டு படுப்பதும் அங்கேதான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான செய்தி ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். கடையில் எலி மருந்து என்று கேட்டு வாங்கினால், குணத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று விஷங்களுள் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். ஒன்று வயிற்றுக்குள் வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்வது. ஒன்று கல்லீரலைப் பிடித்துச் சில நாட்களில் கொல்வது. மற்றொன்று ரத்தம் உறையும் சக்தியைச் சிறிது சிறிதாக அழித்து, நாய் வழக்கம்போல் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் கசிவை உண்டாக்குவது. ஒன்றில் உயிர் காக்கும் காரியம் மற்றொன்றில் உயிர் வாங்கும் காரியமாகிவிடக்கூடும். ஆதலால் ஒருவர் நாயைத் தூக்கும் அதே வேளையில் இன்னொருவர் தேடி எடுக்கவேண்டிய பொருள் அந்த மருந்தின் மேலட்டை.

மேலட்டை

அட்டையில் பார்க்கவேண்டியது வியாபாரப் பெயரை அன்று. கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெயருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில், விஷப்பொருளின் பெயரும் அதன் சதவீதமும் இருக்கும். வைத்தியர் கேட்பது அதைத்தான். குப்பையில் போட்டிருந்தால் குப்பையைக் கொட்டித் தேடலாம். அட்டை அகப்படவேயில்லையானால், மிஞ்சிக் கிடக்கும் மருந்தையே கையுறையோ நெகிழிப் பையோ போட்ட கையால் எடுத்து, இன்னொரு பையில் முடிந்து கொண்டுபோகவேண்டும். வாங்கிய கடைக்கு ஒரு பையனை ஓட்டி, அதே சரக்கில் ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். நாய் வாந்தியெடுத்திருந்தால் அதன் நிறத்தையும், மலத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று ஏதாவது சாயம் தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். ரத்தத்தைக் கெடுக்கும் கட்டிகளில் இத்தகைய சாயம் சேர்ப்பது வழக்கம்.

பிள்ளையார்பாளையத்தைப் போல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில், நம் வீட்டில் மருந்தே வைக்கவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. நாலு வீடு தள்ளி வைத்த மருந்தைத் தின்ற எலி நம் வீட்டுக் கொல்லையில் வந்து தடுமாறும். அதை நாய் கவ்வும். அக்கம்பக்கத்தில் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பழி சுமத்துகிற குரலில் கேட்டால், வைத்தவரும் வைக்கவில்லை என்றுதான் சொல்வார். "அக்கா, சண்டைக்கு வரல, நாய்க்கு முடியல, நீங்க என்ன மருந்து வச்சீங்கன்னு அட்டையை மட்டும் காட்டுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் அட்டை வந்துவிடும். வேண்டுமென்றே நாய்க்கு விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதும், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அதைத் தண்டிக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அந்த விசாரணையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அட்டையோடு இன்னும் மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை மணிக்குத் தின்றது, ஏறத்தாழ எவ்வளவு தின்றது, நாயின் எடை என்ன. எடை தெரியாதவர், குளியலறைத் தராசு இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தரமும் தனியே ஒரு தரமும் ஏறி நின்று கழித்துப் பார்க்கலாம். எலி மருந்து வைக்கிற பழக்கமுள்ள வீட்டில், எத்தனை கட்டி, எந்தெந்த மூலையில், எந்தத் தேதியில் என்று கூலிக் கணக்கு நோட்டிலேயே ஒரு வரி எழுதி, அட்டையையும் அதற்குள்ளேயே செருகிவைப்பது, ஆபத்து வேளையில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பாலும் எண்ணெயும் புளியும்

நாய் எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்த மாத்திரத்தில், வீட்டில் மூத்தவர் யாராவது, "ஒரு டம்ளர் பால் ஊத்துடா கண்ணு, விஷம் முறிஞ்சிடும்" என்பார். அன்பினால் சொல்வதுதான். ஆயினும் இந்த மூன்று விஷங்களில் எதற்கும் பால் முறிவு அன்று. துத்தநாக பாஸ்பைடு என்ற பொடியானால், எந்த ஆகாரமும் வயிற்று அமிலத்தைச் சுரக்கச்செய்து, விஷ வாயுவை மேலும் உண்டாக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையானால், பாலிலும் நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் உள்ள கொழுப்பில் அது கரைந்து, உடம்புக்குள் துரிதமாய் ஏறும். புளிக்கரைசல் ஊற்றுவது, அமிலத்துக்கு அமிலம் சேர்ப்பது. உப்புக்கரைசலை வாந்திக்காகப் புகட்டினால், வாந்தி வராதபோது அந்த உப்பே ரத்தத்தில் ஏறி வலிப்பை உண்டாக்கும். சாணியைக் கரைத்து ஊற்றுகிற வழக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும் என்பது ஒன்றே போதும்.

வாந்தியெடுக்க வைப்பது பல சமயம் உசிதமே. அதைச் செய்யத்தக்கவர் வைத்தியர். தின்று ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள், நினைவு தெளிவாகவும் வலிப்பில்லாமலும் இருக்கும் நாய்க்கு, அவர் ஊசி மூலம் அதைச் சுலபமாகச் செய்வார். ஹைட்ரஜன் பெராக்ஸைடு புகட்டலாம் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தப் புத்தகங்கள் குறிப்பது 3 சதவீதக் கரைசல். நம் மருந்துக்கடைகளில் புண் கழுவுவதற்காகச் சாதாரணமாய்க் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். அதை அப்படியே ஊற்றினால் இரைப்பை புண்ணாகும். தொலைபேசியில் வைத்தியர் அளவு சொல்லிச் செய்யச் சொன்னாலன்றி, வாயில் எதையும் ஊற்றாமல் புறப்படுவதே உத்தமம்.

பொடி

கரும்பொடி, அல்லது சாம்பல் நிறப் பொடி, பூண்டு நாற்றம், சிறு பொட்டலம். இது துத்தநாக பாஸ்பைடு. தானியத்திலும் எண்ணெயிலும் பிசைந்தோ, கருவாட்டில் தடவியோ வைப்பார்கள். கருவாட்டு வாசனை எலியை அழைக்கிற தூரத்தைவிட நாயை அழைக்கிற தூரம் அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் நாயைக் கொல்லப் போதுமானது. 10 கிராம் பொட்டலத்தில் 80 சதவீதம் விஷப்பொருள் என்றால் அதிலே 8,000 மில்லிகிராம் இருக்கிறது. 15 கிலோ எடையுள்ள தெரு நாய்க்கு 600 மில்லிகிராமே போதும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், பொட்டலத்தை நக்கியதே பெரிய விஷயம் என்பது விளங்கும்.

வயிற்று அமிலத்தில் பட்டவுடன் இது பாஸ்பீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. கால் மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வெறி கொண்டதுபோல் ஓடுதல், வலிப்பு என்று வரிசையாக வரும். முறிவு மருந்து கிடையாது. வைத்தியர் முதலில் அமிலத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்து, பிறகு வயிற்றைக் காலி செய்து, பிராணவாயுவும் நரம்பு வழித் திரவமும் கொடுத்து, நாயைத் தாங்கிப் பிடிக்கிறார். அவ்வளவுதான் செய்யக்கூடியது, அதை விரைவில் செய்தால் பிழைப்பதும் உண்டு. வெறும் வயிற்றோடிருந்த நாய் சற்று அதிகமாகத் தின்றும் தப்பியிருப்பதற்குக் காரணம், அமிலம் குறைவாய் இருந்ததுதான்.

இந்த விஷத்தில் நாயைத் தூக்குகிறவருக்கும் அபாயம் உண்டு. அது எடுக்கும் வாந்தியிலிருந்து அதே வாயு கிளம்பும். அமெரிக்காவில் மிச்சிகன், அயோவா, வாஷிங்டன் மாநிலங்களில் 2006-க்கும் 2011-க்கும் இடையே, இப்படிப்பட்ட நாய்களுக்குச் சிகிச்சை செய்த மிருக வைத்தியசாலை ஊழியர்களே அந்த வாயுவினால் நோயுற்றார்கள் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது. எனவே கண்ணாடி ஏற்றிக் குளிர்சாதனம் போட்ட காரைவிட, இரு பக்கமும் திறந்த நம்முடைய ஆட்டோவே இந்தப் பயணத்துக்கு மேலானது. மதிப்புக் குறைவென்று யாரும் எண்ணவேண்டாம். கார்தான் உண்டென்றால் கண்ணாடிகளை முழுதும் இறக்கிவிட்டு, நாய் வாந்தியெடுத்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிக் காற்று வரும் பக்கமாக நின்று, பிறகு துடைத்துக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்குள் எடுத்த வாந்தியின்மேல் குனிந்து மோந்து பார்ப்பது கூடவே கூடாது. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் இதே வாயுவைத் தருவது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவை வெளிவிடும். அதை வீட்டுக்குள் வைத்திருப்பதே தவறு.

பசை

குழாயில் அடைத்த பசை மஞ்சள் பாஸ்பரஸ். 3 சதவீதச் சரக்கு. தக்காளித் துண்டிலோ வடைத் துண்டிலோ தடவி அடுக்களையில் வைப்பார்கள். மனிதரைப் பலி கொள்ளும் வேகத்தைக் கண்டு தமிழ்நாட்டு அரசு இதற்குத் தடை விதித்திருக்கிறது. இருந்தும் பழைய சரக்கு பரணில் கிடப்பதுண்டு. கண்டால் அப்புறப்படுத்துங்கள். மனிதரிலேயே உடல் எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் உயிருக்கு ஆபத்தான அளவு. 15 கிராம் குழாயில் 450 மில்லிகிராம் இருக்கிறது.

இதன் வஞ்சகம் அதன் இடைவேளையில் இருக்கிறது. முதல் நாள் வாந்தியும் பேதியும் வந்து, வாந்தி பூண்டு நாற்றம் அடிக்கும், சில சமயம் புகையும். பிறகு ஒன்றிரண்டு நாள் நாய் தேறியதுபோல் எழுந்து உலாவி, வைத்த சோற்றைக்கூடத் தின்னும். அதற்கப்பால் கண்ணின் வெண்மையும் ஈறும் மஞ்சளித்து, கல்லீரல் செயலிழந்து, ரத்தம் கசிந்து விழுந்துவிடும். தேறிவிட்டது என்று இரண்டாம் நாள் சிகிச்சையை நிறுத்துகிறவர் ஏமாறுவது இங்கேதான். இதற்கும் நேர் முறிவு இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனிதருக்கு ரத்த நீரை மாற்றும் சிகிச்சையை இதற்காகச் செய்கிறார்கள். நாய்க்கு அவ்வளவு தூரம் போகும் வசதி அரிது. கல்லீரலைக் காக்கும் மருந்துகளும் திரவமும் கொடுத்து, ரத்தப் பரிசோதனையைத் தினமும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே வழி.

கட்டி

மூன்றாவதே இன்று அதிகமாக விற்பதும், சரியாகக் கவனித்தால் அநேகமாக எல்லா நாயும் பிழைக்கக்கூடியதும் ஆகும். கேக் என்று கடைக்காரர் சொல்லும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலும் புரோமடயலோன் 0.005 சதவீதம் இருக்கும். இதன் மூதாதையான வார்பரின், கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் 1920-களில் பூஞ்சணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் காரணமின்றி ரத்தம் ஒழுகி இறந்ததை ஆராயப் போய், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் கூடத்தில் பிறந்தது. 1948-இல் எலி மருந்தாக வந்து, பின்னர் மனிதருக்கு ரத்தக்கட்டுத் தடுப்பு மாத்திரையாகவும் ஆயிற்று. இருதய வால்வு மாற்றிக்கொண்ட பெரியவர் இருக்கும் வீட்டில் மாதந்தோறும் ஐ.என்.ஆர். என்று ஒரு பரிசோதனை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு வேண்டியதும் ஏறத்தாழ அதே பரிசோதனைதான். மிருக வைத்தியசாலையில் வசதியில்லாவிட்டால், வைத்தியர் ரத்தத்தை எடுத்துக் கொடுத்து, மனிதருக்கான ஆய்வகத்தில் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொல்வதுண்டு.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய நான்கு பொருள்களைக் கல்லீரல் தயாரிப்பதற்கு வைட்டமின் கே அவசியம். ஒரு முறை உபயோகப்பட்ட வைட்டமினை மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவரும் இயக்கத்தை இந்த விஷம் தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் சரக்கு தீரும்வரையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் தின்று இரண்டு முதல் ஐந்து நாள் வரை நாய் பூரண ஆரோக்கியத்தோடு காணப்படுகிறது. அந்த நாட்களில் வைத்தியரிடம் போனால் சிகிச்சை சுலபம், செலவும் குறைவு. போகாமலிருப்பதற்கான காரணமும் அந்த நாட்களிலேதான் வலுவாகத் தோன்றும்: நன்றாகத்தானே இருக்கிறது!

பிறகு வரும் அடையாளங்களும் பலருக்குப் புரிவதில்லை. மூக்கில் ரத்தம், கறுத்த மலம், சிறுநீரில் சிவப்பு என்று வெளிப்படையாக வந்தால் யாரும் ஓடிவருவார்கள். ஆனால் பல நாய்களில் வெளியே ஒரு துளியும் தெரியாது. கசிவு மார்புக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மூட்டுக்குள்ளும் நடக்கும். வெறும் சோர்வு, இருமல், மூச்சிரைப்பு, அடிபடாமலே ஒரு காலை நொண்டுதல் ஆகியவற்றையே காண்போம். சந்தேகம் வந்தால் மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈற்றைப் பெருவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்பவேண்டும். அழுத்துவதற்கு முன்பே ஈறு வெளுத்துக் கிடந்தால், மணிக்கணக்கைப் பார்க்காமல் புறப்படவேண்டும். கறுத்த ஈறுள்ள நாய்க்குக் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம்.

இதற்கு முறிவு உண்டு. அது வைட்டமின் கே-1. இந்த எண் முக்கியம். கே-3 என்ற செயற்கைச் சரக்கு மருந்துக்கடையில் வைட்டமின் கே என்ற பெயரிலேயே கிடைக்கலாம். இந்த விஷத்துக்கு அது பயன்படாது. கே-1 கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை, வைத்தியர் விதிக்கும் அளவில், கொழுப்புள்ள உணவோடு வாய்வழியாகக் கொடுத்தால் நன்றாக உடலில் சேரும்; மற்ற விஷங்களில் விலக்கச் சொன்ன நெய்ச்சோறு இங்கே அனுகூலமாகிறது. நரம்பில் ஏற்றுவதால் திடீர் ஒவ்வாமை வரக்கூடும். தசையில் குத்தினால் குத்தின இடத்திலேயே ரத்தம் கட்டும். ஆகவே ஊசி வேண்டுமென்றால் மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போடுவதே முறை. "ஒரு ஊசி போட்டாச்சு, சரியாயிடும்" என்று யாராவது சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புரோமடயலோன் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கும். மருந்தும் 3 முதல் 4 வாரம் நடக்கவேண்டும்.

கே-1 கொடுத்தும் புதிய உறைபொருள்கள் உற்பத்தியாக 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் நாய் அதுவரை தாங்காது. அதற்கு வேறொரு நாயின் ரத்தம் அல்லது ரத்த நீர் வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னை வேப்பேரியில், 1903-இல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நாய்களுக்கான ரத்த வங்கி உண்டு. அங்கே கொண்டுபோக முடிந்தாலும் முடியாவிட்டாலும், தெருவில் அல்லது உறவினர் வீட்டில் 25 கிலோவுக்கு மேற்பட்ட, தடுப்பூசி போட்ட, நடுவயதான ராஜபாளையம் அல்லது அல்சேஷன் எது என்று தெரிந்துவைத்திருப்பது உபகாரமாயிருக்கும். முதல் தரம் ரத்தம் பெறும் நாய்க்குப் பெரும்பாலும் கோளாறு உண்டாவதில்லை. 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஊர்தி முக்கியமாக மாடு ஆடுகளுக்கானது. இரவில் நாய்க்காக அதை நம்பிக் காத்திராமல், உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனை, தனி வைத்தியர் இருவர், வேப்பேரி ஆகியவற்றின் எண்களைச் சுவரில் எழுதிவைத்துக்கொண்டு, புறப்படுமுன் கூப்பிட்டுத் தகவல் சொல்லவேண்டும்.

மருந்து நடக்கும் வாரங்களில் நாயைக் கட்டிவைத்து, சிறுநீர் கழிக்கக் கயிற்றோடு அழைத்துப்போய் வரவேண்டும். மாடிப்படி, பந்து, மற்ற நாயோடு புரளுதல், எலும்பு கடித்தல் எல்லாம் விலக்கு, ஏனெனில் சாதாரண அடியே உள்ளே கட்டியாகும். வலி மாத்திரை, பூச்சி மருந்து எதையும் வைத்தியர் சொல்லாமல் சேர்க்கக்கூடாது. பால் கொடுக்கும் பெட்டை தின்றிருந்தால் குட்டிகளையும் உடன் எடுத்துச் சென்று காட்டுங்கள். கடைசி மாத்திரை கொடுத்தபின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உறையும் நேரத்தை மறுபடி பார்க்கவேண்டும். முன்னதாகப் பார்த்தால் மருந்தின் பலமே தெரியும், விஷம் மிஞ்சியிருப்பது தெரியாது. நேரம் நீண்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து, அதே இடைவெளி விட்டு மீண்டும் பரிசோதிப்பார்கள். சரியாக இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிடலாம், தறிக்குழியில் மிஞ்சியிருக்கும் கட்டிகளை எண்ணி எடுத்த பிறகு.